கப்டன் சொன்ன பாறைகள்

நான் நீட்டிய அட்டையில் ஒரு கோப்பையின் படம் இருந்தது. கப்டன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஸ்கேர்" என்றார். அடுத்த அட்டையில் நாய். அதற்கும் "ஸ்கேர்" என்றார். ஒஸ்லோவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளராக எனக்கு அது இரண்டாவது ஆண்டு. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களோடு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

சரக்குக் கப்பல்களில் ஆயுளைக் கழித்தவர் அவர். லில்லெஸ்ட்ரோமிலிருந்து நாள்தோறும் ரயிலில் வரும் அவருடைய மனைவி, கடலில் மறைந்தும் தெரிந்தும் கிடக்கும் பாறையைத்தான் அவர் சொல்கிறார், மாலுமிக்கு அந்தப் பயம் போகாது என்று விளக்கினார். நோர்வேஜிய மொழியில் அதற்குக் கிட்டத்தட்ட அந்தச் சொல்தான். ஆனால் இங்கே அதை 'ஷேர்' என்போம். நாக்குத் தடுமாறுகிறது என்றே குறித்துவைத்தேன். கண்ணை மூடச் சொன்னால் அவர் மூடவில்லை, கையைத் தூக்கச் சொன்னால் தூக்கவில்லை. எதுவும் விளங்கவில்லை, இனி முதியோர் இல்லம்தான் என்று முடிவெடுக்க வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை அவர் வேறு இரண்டு சொற்கள் சொன்னார். "கிரேக்." "கரிக்." திரும்பத் திரும்ப, ஒரே உச்சரிப்பில். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தடுமாறும் நாக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தடுமாறாது. அவர் எங்கே பிறந்தவர் என்று மனைவியிடம் கேட்டேன். ஸ்கொட்லாந்தின் மேற்கே ஒரு தீவு என்றார். அவருடைய தாய் கேலிக் மொழி பேசியவராம். ஆனால் கணவர் அதில் ஒரு வார்த்தை பேசியும் தான் கேட்டதில்லை என்றார்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். கேலிக்கில் ஸ்கேர் அலை மூடித் திறக்கும் பாறை, கிரேக் செங்குத்தான பாறை, கரிக் தனித்து நிற்கும் கல். அயர்லாந்திலும் வேல்ஸிலும் கரிக்கின் உறவுச் சொற்கள் இருந்தன. ஸ்கொட்லாந்தின் இன்னொரு மொழியான ஸ்கொட்ஸ் பேசுகிறவர்கள் கிரேக்கையும் ஸ்கேரையும் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றி வைத்திருந்தார்கள். அந்த 'ஸ்கேர்', பழைய காலத்தில் நோர்வேப் பக்கத்து மாலுமிகளோடு அங்கே போன சொல்லாம்.

மறுநாள் தீவில் இருக்கும் அவருடைய தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டோம். நான் அந்தச் சொற்களைச் சொன்னதும் அவர் உடனே அடையாளம் கண்டார். அவை தங்கள் குடாவின் வாயிலில் இருக்கும் பாறைகளின் பெயர்களில் வருபவை, படகு கரைக்கு வரும்போது அப்பா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருவார் என்றார். பிறகு தம் மொழியில் முதல் பாறையின் பெயரைச் சொன்னார். கப்டன் இரண்டாவதைச் சொன்னார். தங்கை மூன்றாவது, அண்ணன் நான்காவது. இப்படியே பதினொரு பாறைகளையும் கடந்து கரைக்கு வந்தார்கள். ஆறு வாரமாக ஒற்றை ஒற்றைச் சொல்லோடு கிடந்த மனிதர் அதன்பின் மெதுவாக ஒரு முழு வாக்கியம் பேசினார். தங்கை அதை ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார்:

"பக்கத்திலை இருக்கிறவளுக்குச் சொல்லு, அவள் சொல்லுறதெல்லாம் எனக்கு விளங்குது எண்டு."

மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரியாத அந்த மொழியையே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடச் சொன்னதும் அவருக்கு விளங்கித்தான் இருந்தது, செய்யத்தான் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதியோர் இல்லம் என்ற பேச்சே எழவில்லை. கேலிக் வழியாகத் தொடங்கினோம். கோடைக்குள் நோர்வேஜியமும் துண்டு துண்டாகத் திரும்பியது. அவர் வீட்டுக்கே போனார்.

அந்த வாரம் ஒஸ்லோவின் குரோருட்டில் இருக்கும் அம்மாவிடம், ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் நின்று நின்றே என்னை வளர்த்தவர் அம்மா. எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எனக்கு அப்பிடி வந்தா நீ இருக்கிறாய். உனக்கு வந்தா, உன்ர பிள்ளைக்கு விளங்குமோ?"

அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. இப்போது மகளுக்கு ஆறு வயது. நான் தமிழில் கதைக்கிறேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்கிறாள். நான் விடுவதில்லை. வாயில் வராதது உள்ளே இருக்காது என்று இனி என்னால் நினைக்க முடியாது.