கிணற்றடியில் ஒரு பனிக்கடல்

காலை ஆறு மணிக்குக் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினேன். உத்திரமேரூருக்குப் பதினெட்டு மைல். டிக்கெட் ஐம்பத்தாறு நயா பைசா. நான் போக விரும்பிய இடமோ தென்துருவம். கப்பலில் பெண்களை ஏற்றுவதில்லை என்று போன மாதம்தான் பதில் வந்திருந்தது. எரிமலைச் சாம்பலும் கடல் சேறும் சேர்ந்து படிந்து இறுகிய அந்தப் பனி நிலத்துக் கற்களை, கல்லூரியில் மூன்று வருஷமாகத் தட்டுத் தட்டாக அடுக்கிப் பெயர் எழுதுகிறவள் நான். கல்லைத் தொடலாம், அது கிடந்த இடத்தைப் பார்க்கக்கூடாதாம்.

எங்கள் கல்லூரிக் குமாஸ்தா உத்திரமேரூர்க்காரர். அவருடைய அண்ணன் வெட்டும் கிணற்றில் வந்த ஒரு கல்லை, காகிதம் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்திருந்தார். ஒரு பக்கம் மழுங்கி, அதில் வரிவரியாகக் கீறல்கள். பனிப்பாறை தரையோடு இழுத்துத் தேய்த்த கல்லில்தான் அப்படி வரும். இந்த நிலமும் துருவமும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தன என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பேராசிரியர் அதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

ஏழரைக்கு இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, மாட்டு வண்டியில் தெற்கே இரண்டு மைல் போனேன். கிணறு நாற்பதடி ஆழம். கீழே நான்கு ஆண்கள் வெட்ட, மேலே ஐந்து பெண்கள் ராட்டினத்தில் கூடையை இழுத்து மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊற்று கண் திறந்துவிடும் என்றார் குமாஸ்தாவின் அண்ணன். திறந்தால் நான் தேடி வந்தது தண்ணீருக்கடியில் போய்விடும்.

மேலே வந்து விழும் கல்லால் எனக்குப் பயனில்லை. ஆற்று வெள்ளமும் கல்லை உருட்டி வரும். மிதந்து வந்த பனிக்கட்டி உருகிக் கல்லைக் கடல் சேற்றில் போட்டிருந்தால், கல்லுக்கு அடியில் சேற்றுப் படிவுகள் அமுங்கி வளைந்திருக்கும். அதைக் கிணற்றுச் சுவரில்தான் பார்க்க முடியும். இறங்கட்டுமா என்று குமாஸ்தாவின் அண்ணனிடம் கேட்டேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. தண்ணி காட்ற வரிக்கும் பொம்பள எறங்கக் கூடாது. ஊத்து ஓடிப்பூடும்."

மரியாதையாகத்தான் சொன்னார். கப்பல்காரர்களும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆண்கள் மேலேறி ஏரிக்கரைப் பக்கம் சாப்பிடப் போனார்கள். அண்ணனும் தன் வீட்டுக்குப் போனார். பெண்கள் மண்மேட்டிலேயே உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். அவர்களில் மூத்தவள் ரோசம்மா.

"இன்னாம்மா, காலைலேர்ந்து கெணத்தயே பாத்துக்கினு கீறீங்க. உள்ள இன்னா கீது?"

இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, அதில் பனிக்கட்டி மிதந்தது என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். ரோசம்மா சிரிக்காமல் கயிற்றில் பலகையைக் கட்டினாள்.

"சாமி கோபிக்காதா?" என்றேன்.

"எங்களுக்கு மாதாதாம்மா. அது அவுங்க சாமி. வேலையும் அவுங்களுது, அதான் பயம். சீக்கிரம் குந்துங்க."

இறக்கினார்கள். அடிச் சுவரில் சாம்பல் நிறச் சேற்றுக்கல், தாள் தாளாக. நடுவே விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் பட்டை. எரிமலைச் சாம்பலா, வெறும் களிமண்ணா என்று நுண்ணோக்கி இல்லாமல் சொல்ல முடியாது. அதற்குக் கீழே, தரையை ஒட்டி, தேங்காய் அளவில் ஒரு கல் பதிந்திருந்தது. கல்லுக்கு அடியில் படிவுகள் ஆள் உட்கார்ந்த மெத்தைபோல் அமுங்கியிருந்தன. கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டேன். படிவோடு சேர்த்துப் பெயர்த்தெடுக்கத்தான் வழியில்லை. அவசரத்தில் உளியையும் சுத்தியலையும் மேலேயே விட்டுவிட்டேன். கத்திக் கேட்டால் ஏரிக்கரை வரை கேட்கும்.

மேலே வந்து உளியை எடுத்தபோது மணி ஒன்று பத்து. ஒன்றரைக்கு ஆண்கள் வந்துவிடுவார்கள். இன்னொரு முறை இறங்க மட்டுமே நேரம் இருந்தது.

ரோசம்மா பலகையை விடவில்லை. "அம்மா, நானு ஒரு தபா எறங்கிப் பாக்கட்டா? இருவது வருசமா கெணத்து மண்ணு சொமக்கிறேன். ஒரு கெணத்தோட அடியக்கூடப் பாத்ததில்ல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே சரி என்று சொல்லவில்லை. அந்தக் கல் இல்லாமல் போனால் யாரும் நம்பப்போவதில்லை. பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, மற்ற நால்வரோடு கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. அவள் மேலே வந்து முந்தானையை உதறுவதற்கும் ஏரிக்கரையில் பேச்சுக் குரல் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

மூன்றரைக்கு ஊற்று திறந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இப்ப எறங்கிப் பாருங்கம்மா" என்றார். முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

வண்டி வரை ரோசம்மா வந்தாள். "பனியெல்லாம் எப்பவோ பூடிச்சின்னீங்களே. அந்தக் கல்ல நானும் தொட்டேம்மா. இன்னும் ஜில்லுன்னுதான் கீது."

கடைசி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவளிடமிருந்து பலகையை வாங்கியிருக்கலாமே என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. கல் மட்டும் இன்றும் வேண்டும்.