விழுந்ததை மறைக்காத மாமி

மருந்துக் கவுண்டரின் கண்ணாடி மேல் நான் கவிழ்த்துக் கொட்டிய குளிசை அட்டைகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. அதற்கு முந்தைய வாரம் என் கணவரின் உம்மா, நான் மாமி என்று கூப்பிடுபவர், காத்தான்குடி வீட்டில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூ எடுக்கப் போன இடத்தில் தலைசுற்றி விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தார். வயது போனால் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாமி மாதாமாதம் பிரஷருக்குக் காட்டும் அரசாங்கக் கிளினிக்கின் மருந்தாளரோ, வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். அட்டைகளைப் புரட்டிப் பார்த்து இரண்டைத் தனியே எடுத்துவைத்தார்.

"உம்மா, இது நாங்க தந்த பிரஷர் குளிசை. இது தனியார் டொக்டர் எழுதினது. பேர்தான் வேற, மருந்து ஒண்டுதான். ரெண்டையும் சேத்துக் குடிச்சிரிக்கீங்க. அதாலதான் தல சுத்தினது."

கிளினிக் டொக்டரும் அதையே சொல்லி ஒன்றை நிறுத்தினார். கத்தாரில் வேலை செய்யும் என் கணவர் அன்று மாலை போனில், "ஊருக்கெல்லாம் சொல்லித் திரியாதீங்க உம்மா" என்றார். மாமி அமைதியாகச் சொன்னார்: "விழுந்தது என்ட தல. சொல்றதும் என்ட வாய்."

தையலைப் பார்க்க வந்த எல்லோரிடமும் நடந்ததை அப்படியே சொன்னார். கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் எங்கள் கேற்றடியில் வந்து தயங்கி நின்றார். புடவைக்கடை நடத்தி ஓய்ந்தவர், எவரிடமும் எதையும் கேட்டறியாதவர்.

"ராத்தா, நானும் ஒண்ட ஒளிச்சு வெச்சிரிக்கன்" என்றார், மாமியை அக்கா முறை வைத்து.

இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர், முழங்கால் வலிக்குக் கடையில் தானாக வாங்கிய குளிசையையும் விழுங்கிக்கொண்டிருந்தார். சில நாட்களாக மலம் தார்போலக் கறுப்பாகப் போனதாம். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கம்.

"எனக்கு மருந்து தெரியா, தம்பி. இது பொறுத்துப் பாக்கிற விஷயமில்ல. இப்பவே ஆசுபத்திரிக்குப் போங்க, குளிசை எல்லாத்தயும் கையோட கொண்டு போங்க" என்றார் மாமி. நான் ஓடிப்போய் முச்சக்கரவண்டி பிடித்து வந்தேன். இரண்டு மருந்தும் சேர்ந்ததில் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் தப்பியிருக்கமாட்டார் என்றார்களாம் ஆசுபத்திரியில்.

குணமாகி வந்தவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஆண்களிடம் தன் கதையை வெட்கமில்லாமல் சொன்னார். எந்த வீட்டிலிருந்து அந்தத் துணிவு கிடைத்தது என்பதையும் சொன்னார். அது கத்தார்வரை போனது.

"உம்மா, இஞ்ச நம்மட ஊராக்கள் உங்களப் பத்தித்தான் கதைக்காங்க" என்றார் என் கணவர் போனில். குரலில் பெருமை. மாமியின் பக்கத்தில் நின்ற எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"கதைக்கட்டும் மகன்" என்றார் மாமி. "உன்ட ரூமில ஆரும் பிரஷருக்குக் குளிசை குடிக்காங்களா? என்னென்ன குடிக்காங்க எண்டு கேட்டுப் பாரு."