சீர் ஏற்றிய வண்டியும் மூன்றாவது கியரும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவன் பேனாவைப் பிடித்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டை வாங்கி உள்ளூர்ச் சந்தைகளில் விற்றுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட வண்டி, சில கை மாறி என்னிடம் வந்தது. பக்கத்தில் சைடு கார் உண்டு. அதில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரை மணலில்கூட முக்கி முனகி ஏறிவிடும். தார் ரோட்டுக்கு வந்தால்தான் அதற்குச் சனியன் பிடிக்கும். டாப் கியரில் கொஞ்சம் வேகம் கூட்டினாலும் எஞ்சின் வீல் வீலென்று கத்தும். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் சூடேறி நின்றுவிடும்.

அப்படி நின்றதால்தான் என் அக்கா மகளின் முடியிறக்கு விழாவுக்கு நான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அக்காவைக் குளத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். தாய்மாமன் மடி இல்லாமலே முடி இறக்கினார்கள். அக்காவின் மாமியார் எல்லோர் முன்னாலும், "கருவாட்டு வண்டிக்காக நல்ல நேரம் காத்துக் கெடக்குமா?" என்று கேட்டார்.  வழியனுப்ப வந்த அக்கா, "காது குத்துக்காவது வந்துருடா தம்பி. மறுபடியும் ஒன் மடி இல்லேன்னா எனக்கு இந்த வீட்டுல மொகம் இல்ல" என்றாள்.

காது குத்துக்கு நாள் குறித்ததும் அறந்தாங்கிப் பட்டறைக்கு ஓடினேன். மெக்கானிக் சங்கிலி மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"எஞ்சின் பக்கம் இருக்கிற பல் சக்கரம் சின்னதுண்ணே. எஞ்சின் நெறைய சுத்துனாத்தான் பின் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். மணலுக்கு அதான் நல்லது. ரோட்டுல எஞ்சின் ஓடி ஓடியே செத்துப்போகும்."

"பெருசு போட்டா?"

"எஞ்சின் நிதானமா சுத்தும், வண்டி வேகமா போகும். ஆனா இழுவை கொறஞ்சிரும். ஆள் மட்டும் போங்க. மூட்டை ஏத்தாதீங்க."

மூன்று பல் கூடுதலான சக்கரத்தைப் போட்டு, சங்கிலியில் ஒரு கண்ணியும் கூட்டிக் கொடுத்தார். வெறும் வண்டியில் திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. எனக்குக் கண் கலங்கியது.

விழாவன்று விடியற்காலையில் கிளம்பினோம். என் மனைவி முந்தின நாளே சைடு காரை எலுமிச்சம் இலை போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதில் அவள் உட்கார்ந்தாள். அவள் காலடியில் அரிசிச் சிப்பம், மடியில் பழத்தட்டு, பின்னால் வாழைத்தார், தேங்காய்ச் சாக்கு, வெண்கலப் பானை. மூட்டை ஏற்றாதே என்று மெக்கானிக் சொன்னது என் நினைவில் நன்றாகவே இருந்தது. ஆனால் இதெல்லாம் சீர். சீரை எங்கள் வீட்டில் யாரும் மூட்டையாக நினைத்ததில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

அறந்தாங்கி தாண்டியதும் ஆனி மாதத்து மேல்காற்று நேர் எதிரே வந்து நெஞ்சில் மோதியது. ரோடும் மேடேறியது. டாப் கியரில் வண்டி திணறியது. பிடியை முழுக்கத் திருகியும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம். ஒரு பஸ் எங்களை முந்தியது. படியில் தொங்கிய கண்டக்டர், "அண்ணே, எறங்கி வந்து தள்ளிவிடவா?" என்று கத்திவிட்டுப் போனார்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. பழைய சக்கரமே தேவலை என்று நினைத்தேன். அப்போது என் மனைவி என் முழங்காலைத் தட்டினாள்.

"என்னங்க, இதுக்கு முந்தின கியர்ல நல்லாத்தானே வந்துச்சு. அதுலயே போங்களேன்."

"மூணாவதுலயா? மெயின் ரோட்டுல மூணுல போனா சிரிப்பாங்க. நேரமும் ஆயிரும்."

"இப்ப மட்டும் பறக்குறோமாக்கும்! நாய்கூட வெரட்டாம நம்மளப் பாத்துக்கிட்டு நிக்குது. எங்க அய்யா கெணத்துல கமலை எறைக்கயில, தண்ணி நெறஞ்ச சால இழுக்கிறப்ப மாட்ட வெரட்டவே மாட்டாரு. இறக்குங்க சொல்றேன்."

இறக்கினேன். எஞ்சின் சுற்று கூடியது. சத்தமும் கூடியது. ஆனால் அது பழைய அலறல் இல்லை. தட்டும் ஓசை நின்று, வண்டி சீராக முன்னேறியது. வேகம் காட்டும் முள் மேலே ஏறியது. சூடும் ஏறவில்லை. புதுக்கோட்டை வரைக்கும் மூன்றிலேயே ஓட்டினேன். வழியில் அந்த பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. தாண்டும்போது என் மனைவி கண்டக்டரைப் பார்த்து, "வாங்க, பின்னால கட்டி இழுத்துட்டுப் போறோம்!" என்றாள். நான் பார்க்காதது போல ஓட்டினேன்.

புதுக்கோட்டையிலிருந்து ரோடு வடக்கே திரும்பியது. காற்று பக்கவாட்டுக்குப் போனது. ரோடும் சமம். மெல்ல டாப்புக்கு மாற்றிப் பார்த்தேன். பெரிய சக்கரம் தன் வேலையைச் செய்தது. இவ்வளவு சுமையோடும் எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே ஓடியது.

விழா நடந்த கோயில் வாசலில் இறங்கியபோது அக்கா ஓடி வந்தாள். முகமெல்லாம் அழுகை.

"ஒன் வண்டி அங்கிட்டு வரும்போதே இங்கிட்டுக் கேக்குமேடா! காதத் தீட்டிக்கிட்டே நின்னேன். சத்தமே இல்ல. இந்தத் தடவையும் நீ வரமாட்டேன்னு நெனச்சு நானே உள்ள போயி, ஆரம்பிங்கன்னு சொல்லிட்டேன்."

உள்ளே பிள்ளை, அக்கா கொழுந்தனின் மடியில் இருந்தது. ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மடி கொடுத்துவிட்ட மனிதரை எழுப்புவது அவருக்கு அவமானம். அதற்கு மேல் நான் எதைக் கேட்பது?

அந்தக் கொழுந்தனே என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க மச்சான், சீக்கிரம் வாங்க. ஒங்க மருமக கனத்துல என் கால் மரத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அவர் கால் மரத்திருக்கவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக நடந்துபோய், சைடு காரிலிருந்து வாழைத்தாரைத் தோளில் தூக்கி வந்தார்.

பிள்ளை என் மடியில் அலறியது. அக்கா சிரித்தாள். மாமியார் சீர்த்தட்டுகளைப் பார்த்துவிட்டு, "கருவாட்டு வாடையே இல்லையே!" என்றார். என் மனைவி, "சீருக்கு வந்த வண்டிக்கு வாடை ஏது அத்தை" என்றாள்.

திரும்பும்போது சுமை இல்லை, காற்றும் முதுகுப் பக்கம். டாப்பிலேயே வந்தோம். எஞ்சின் சத்தம் அவ்வளவு மெதுவாக இருந்ததால் என் மனைவி அறந்தாங்கிக்கு முன்பே தூங்கிவிட்டாள். எழுப்பி நன்றி சொல்ல நினைத்தேன், கூச்சமாக இருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போய்ச் சின்னப் பல் சக்கரத்தையே திரும்ப மாட்டிக்கொண்டு, மத்தியானம் கருவாடு ஏற்றக் கடற்கரைக்குப் போனேன்.