வாசலில் விட்ட செருப்பு

அபுதாபி முசஃபாவில் எங்கள் கராஜுக்குத் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு ஒரு வேன் வந்தது. வருடக்கணக்காக உலகம் சுற்றுகிற கணவன் மனைவி. இன்ஜின் சூடாகிறதாம். சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின் என்பதால் ஸ்பேனரோடு உள்ளே ஏறப்போனேன்.

"தம்பி, ஷூ!" என்றார் அந்த அம்மா. அறுபது வயதிருக்கும். நரைத்த கிராப்பு, கணவரின் சட்டை, வெயிலில் கறுத்த மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி.

"வண்டிதானேம்மா?"

"வீடுப்பா."

கணவர் சிரித்தார். "எங்க இறங்கினாலும் செருப்பைக் கீழ கழட்டிட்டுத்தான் ஏறுவா. அப்படியே மறந்துட்டுக் கிளம்பிடுவோம். மூணு நாட்டுல கெடக்குது இவ செருப்பு."

ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினேன். வேலை முடிந்ததும் அந்த அம்மா உட்காரவைத்து டீ கொடுத்தார். எட்டுப் பேர் படுக்கிற கேம்ப் ரூம், அதை விட்டால் கராஜ். போன லீவு முடிந்து வந்த பிறகு நான் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

என்னோடு இறங்கி வந்து, "போயிட்டு வர்றோம்பா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். வேன் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகுதான் பார்த்தேன், கராஜ் தரையில் அவர் செருப்பு.

இன்னும் வாசலோரத்தில்தான் இருக்கிறது. கூட்டுகிறவரைத் தொடவிடுவதில்லை. வர்றோம் என்று சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறார்.