மேல் நெருப்பு

ஆலங்குடா, மதியம். விடுதிச் சமையலறையில் ரமீஸா நான்கு வான்கோழித் தொடைகளை ஓவனின் மேற்பக்கம் பழுக்கும் சூட்டுக் கம்பிக்கு நேர் கீழே வைத்திருக்கிறார். பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் கேட்ட சாப்பாடு இது. அவர்களுக்குப் பிடித்தால்தான் ரமீஸாவுக்குச் சீசன் முழுக்க வேலை என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

வெளிநாட்டுச் சமையல் சொல்லிக்கொடுக்க முதலாளி கூப்பிட்டு வந்த நான் முறையைச் சொல்கிறேன்: மேல் நெருப்பில் மட்டுமே வாட்ட வேண்டும். ஓவன் கதவு சற்றே திறந்திருக்க வேண்டும். முதலில் தோல் கீழே, கடைசியில் தோல் மேலே.

"சேர் இத சமைச்சீக்கிறீங்களா?"

"வாசிச்சிருக்கிறன்."

"ஆ," என்கிறார்.

தோல் நிறம் மாறத் தொடங்கும்போது கரண்ட் போகிறது. நான் வாசித்த எதிலும் இதற்கு முறை இல்லை. ரமீஸா தொடைகளை இரும்புச் சட்டிக்கு மாற்றி விறகடுப்பில் ஏற்றுகிறார். தகர மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைப் பரப்புகிறார்.

"பெருநாளைக்கு நாங்க கேக் சுடுறதும் இப்படித்தான். இதுவும் மேல் நெருப்புத்தானே."

முக்கால் மணி நேரத்தில் எலும்போரம் குத்திப் பார்க்கிறார். சாறு தெளிவாக வடிகிறது. சற்று நேரத்தில் வெள்ளைக்காரர்களின் தட்டுகளில் எலும்பு மட்டுமே இருக்கிறது. முதலாளி சமையலறை வாசலுக்கு வருகிறார்.

"நாளைக்கும் வாங்க, ரமீஸா."

"நாளைக்கு மட்டுமா?"

"சீசன் முடியுமட்டும்."

கரண்ட் வந்து ஓவன் விளக்கு எரிகிறது. ரமீஸா போய் ஓவனை அணைக்கிறார்.

"அப்ப ரெண்டு சாக்குச் சிரட்டை எடுத்துத் தாங்க, முதலாளி."