முறைநாளும் பித்தளை மணியும்

எங்கள் மகளின் முன்பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் அம்மா வந்து ரீச்சருக்கு உதவியாக நிற்க வேண்டும். இலைக்கஞ்சி காய்ச்சுவது, கை கழுவிவிடுவது, கால் மாறிப் போட்ட செருப்பைச் சரியாகப் போட்டுவிடுவது எல்லாம் அன்றைக்கு அந்த அம்மாவின் பாடு. இதற்கு அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. பிள்ளைக்குத்தான் கிடைக்கும். காலை எட்டு மணிக்குப் பள்ளி தொடங்கும்போதும், பதினொன்றரைக்கு விடும்போதும், ரீச்சரின் மேசையில் இருக்கும் பித்தளைக் கைமணியை அந்தப் பிள்ளைதான் அடிக்கும். முறைக்கார அம்மா பிந்தி வந்தால் ரீச்சரே அடித்துவிடுவார். மகள் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள். பட்டியலில் கடைசி. இருபத்தொரு பிள்ளைகள் அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் முறை வந்தது. வந்த நாளில் என் மனைவியால் போக முடியாது. அவள் குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விடிந்ததும் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வீடு. அன்றைக்குப் பார்த்துத் தவணைப் பரீட்சை.

"அம்மா வராட்டி எனக்கு மணி இல்லையோ?" என்று முதல் நாள் பின்னேரம் மகள் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஓர் ஐஸ்கிறீமோடு சமாளித்திருப்பேன். கதிரையில் காலை ஆட்டாமல் சும்மா இருந்தாள். நாலரை வயதுப் பிள்ளை அப்படி இருந்தால் அப்பனால் சும்மா இருக்க முடியாது.

ஆறுதல் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். "நான் நேசரியில ஒருநாளும் மணி அடிச்சதில்லை. அதால என்ன, வளராமலே போனனான்?" என்றேன்.

"ஏன் அடிக்கேல்ல?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. என் நேசரி மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த ஒரு மண்டபம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர், ஒரு பாய், ஒரு பெட்டி உடைந்த சோக்கட்டி. அம்மாமார் வாசல் படலையைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. எங்கள் மணிக்கு வேறு சட்டம் இருந்தது: முதலில் வருகிற பிள்ளைதான் அடிக்கும். என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. வீட்டில் ஒரே ஒரு சைக்கிள். அவர் வேலை முடிந்து, வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஆமிக்காரரின் சோதனைக்கு நின்று, வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் என்னைச் சைக்கிள் பாரில் தூக்கி வைத்து மிதிப்பார். கோவில் மதில் தெரிகிற வளைவில் மணிச்சத்தம் கேட்கும். "அடிச்சிட்டினம் போல கிடக்கு" என்பார். இரண்டு வருடமும் அதே வளைவு, அதே வசனம். நான் அவரோடு கோபித்துக்கொண்டு பாரில் இருந்து இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறேன். அந்த மனிதர் நித்திரை இல்லாமல் மிதித்தார் என்பது எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

"பாவம் அப்பா" என்றாள் மகள். அவளைத் தேற்றப் போய் நான் பாவமாகிவிட்டேன்.

ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"அம்மாவுக்கு வர ஏலாதெண்டாப் பரவாயில்லை. அடுத்த முறைக்காரர் வருவினம்" என்றார்.

"நான் வாறன்."

"நீங்களோ?"

"ஓம். ஆம்பிளையள் வரக்கூடாதெண்டு சட்டம் இருக்கோ?"

"அப்பிடி இல்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை. கஞ்சி காய்ச்ச வேணுமே?"

நான் துறைமுகத்தில் கிரேன் திருத்துகிறவன். இருபது தொன் தூக்குகிற யந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிற எனக்கு ஒரு பானைக் கஞ்சி என்ன கணக்கு என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, நல்லவேளை. பெற்றோரின் கைபேசிக் குழுவில் ஓர் அம்மா, "அண்ணாவுக்கு அரிசி எது, உழுந்து எது எண்டு தெரியுமோ?" என்று கேட்டிருந்தார். அதற்குப் பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். இந்தக் காலத்து முன்பள்ளியில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் வேலை அதிகம். கதிரை நாங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அடையாளமாகக் கதிரை, கோப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றிலும் ஒரே படத்தை ஒட்ட வேண்டும், எங்களுடையது நண்டு. வருடக் கடைசியில் விடுகை விழாவுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் வேறு. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருடம் கிடந்து படித்தும் அந்தத் தொப்பியைக் கண்ணால் கண்டதில்லை. மகள் ஐந்து வயதில் போடப்போகிறாள்.

அன்று காலை எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. அரிசியும் தேங்காய்ப்பாலும் பெட்டிக்குள். முருங்கையிலைக் கட்டு மோட்டார் சைக்கிள் கைபிடியில். பனங்கட்டி வாங்க மறந்ததால் ஏழே முக்காலுக்குச் சந்திக் கடையில் நிறுத்தினேன். மகளை இறக்கி நிழலில் நிற்கவிட்டு, "இலையைப் பாத்துக்கொள்ளுங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் ஊரில் மான்கள் தெருவில்தான் திரியும். பஸ் நிலையத்தில் நிற்கும், மரக்கறிக் கடையில் நிற்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது இரண்டு புள்ளிமான்கள் கட்டின் கடைசிக் காம்பை மென்றுகொண்டிருந்தன.

"நான் ஒரு இலைதான் குடுத்தனான்" என்றாள் மகள். "மிச்சத்தை அது தானா எடுத்தது."

வேறு இலை வாங்கச் சந்தைக்குப் போய்வந்தால் பத்து நிமிடம். நேரம் ஏழு ஐம்பத்திரண்டு. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை; என் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் நேரம் பார்க்கத் தெரியாது. இலையாவது மண்ணாங்கட்டியாவது என்று அவளைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு பறந்தேன்.

முன்பள்ளி வளைவில் என்னை அறியாமல் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. படலையால் உள்ளே போனபோது ரீச்சரின் கை மேசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மகள் செருப்போடு உள்ளே ஓடினாள். ஒருவரும் அவளை ஏசவில்லை.

அடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பிள்ளைகள் வரிசைக்கு வந்து, தேவாரத்துக்கும் செபத்துக்கும் தயாராக நின்ற பிறகும் அடித்தாள். ரீச்சர் மெதுவாக மணியை வாங்கி வைத்தார். பானையைத் தூக்குகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

இலைக்கு என்ன செய்வது என்று நின்றபோது ரீச்சர் யன்னலைக் காட்டினார். வேலியோரம் ஒரு முருங்கை நின்றது. அம்மாமார் அதில்தான் பறிக்கிறார்களாம். வீட்டிலிருந்து இலை சுமந்து வெளிக்கிட்ட முதல் ஆள் நான்தானாம்.

கஞ்சி நன்றாக வந்தது. அதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் யாரும் குடிக்கவில்லை. கோப்பையோடு சேர்த்துப் பனங்கட்டியையும் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பேரும் பனங்கட்டியைத் தின்றுவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்கள்.

"பாதி குடிச்சாப் பிறகுதான் கட்டி குடுக்கிறது" என்றார் ரீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மிச்சக் கட்டியை உடைத்துப் பேரம் பேசி, கெஞ்சி, கடைசியில் கொஞ்சம் மிரட்டியும் குடிக்க வைத்தேன். குடை அடையாளக்காரன் ஒருவன் என் சேட்டில் துப்பினான். இரண்டு பேரின் கால்சட்டை மாற்றினேன். பதினொரு மணிக்கு, கிரேனில் ஒரு முழு நாள் வேலை செய்தவனைப்போல் சின்னக் கதிரை ஒன்றில் இடுக்கிக்கொண்டு இருந்தேன். அம்மாமார் ஏன் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிப் பெருமூச்சு விடுகிறார்கள் என்று அப்போது விளங்கியது.

பதினொன்றரை. ரீச்சர் கண்ணைக் காட்ட, மகள் மேசைக்குப் போய் மணியை எடுத்தாள். அடிக்கவில்லை. எல்லாரும் பார்த்திருக்க, மணியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நான் இருந்த கதிரைக்கு வந்தாள்.

"இதை நீங்கள் அடியுங்கோ அப்பா."

"ஏன்? பிள்ளையின்ர முறையெல்லே."

"நீங்கள் இண்டைக்குப் பிந்தேல்லதானே" என்றாள்.

வாங்கி அடித்தேன். முப்பத்தைந்து வருடம் பிந்திய கை அவ்வளவு லேசில் நிற்கவில்லை. ரீச்சர் வந்து என்னிடமிருந்தும் மணியை மெதுவாக வாங்கி வைத்தார்.