பெரிய வண்டியா, சின்ன வண்டியா, அம்மாவின் முழங்காலா

என் கணவருக்கு இரத்தினபுரி டவுனுக்குள் போய்க் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிவரவும் பெரிய வண்டிதான் வேண்டும். எனக்கோ, ஸ்கூல் வாசலில் நிறுத்தினால் மற்ற டீச்சர்மார் திட்டாத அளவில் ஒன்று இருந்தால் போதும். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, இந்தச் சண்டை வெந்துகொண்டிருந்தது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். அதற்குக் காரணம் அம்மா.

அம்மா நிவித்திகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற கடைசி லயத்தில் இருக்கிறாள். கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நின்ற பிறகும் லயத்தை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். மழையில் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்தபோது, தோட்டத்து வழக்கப்படி கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, நாலு ஆம்பளைகள் தூக்கிக்கொண்டு கீழே இறக்கினார்கள். வழியெல்லாம் ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். எலும்பு கூடிவிட்டது, அந்த மானக்கேடு ஆறவில்லை. முழங்கால் மடங்குவதற்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ஆட்டோக்காரர்களோ தோட்டத்துக் கோயிலுக்கு மேலே ஒரு அடி வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அந்த மேட்டில் கல்லும் சேறும்தான் ரோடு.

"மறுபடி கம்பளியில போலாம்மா, என்ன இப்ப" என்று கேட்டேன்.

"இனி என்னயத் தூக்குறதுன்னா நான் பாக்காத அன்னைக்குத் தூக்குங்க" என்றாள். கால் மரக்கட்டையாக விறைத்துக்கொண்டே வந்தது. இப்படியே விட்டால் மடங்கவே மடங்காது என்று டாக்டர் என்னைத்தான் பிடித்துத் திட்டினார்.

பழைய வாகனம் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இரத்தினபுரியில் இருந்தார். "டீச்சர், இத ஜீப்புன்னு சொல்லாதீங்க, இது க்ரொஸ்ஓவர்" என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். தோட்டத்தில் உயரமாக இருக்கிற வண்டியெல்லாம் ஜீப்தான் என்பது அவருக்குத் தெரியாது. சின்னது ஒன்று, வெள்ளை. பெரியது ஒன்று, கறுப்பு. இரண்டிலும் நாலு சக்கரமும் இழுக்கும். "கொண்டு போய் அந்த மேட்டுல ஏத்திப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று பெரிய மனதோடு சாவியைக் கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியதில் போனோம். இவர்தான் ஓட்டினார். கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தார். கோயில் மேட்டில் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

லயத்துப் பக்கம் திரும்பினோம். எங்கேயோ ஒரு விசில். "தொரை வாராரு!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தேயிலைக்குள் மேய்ந்த மாட்டை ஒருத்தி இழுத்துக்கொண்டு ஓடினாள். விறகுக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. தோட்டத்து மெனேஜர் துரையின் வண்டியும் கறுப்புத்தான், அதே உயரந்தான். லயத்து வாசல்வரை வருகிற வண்டி அது ஒன்றுதான். அது வந்தால் யாருக்கோ ஏச்சு இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு இது தோன்றவே இல்லை. அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே தோன்றவில்லை என்றால் என் படிப்பை எதில் சேர்ப்பது?

அம்மாவின் கதவும் சாத்தியிருந்தது. தோட்டத்து ஆபீஸைக் கேட்காமல் தகரம் அடித்து அடுப்படிக் குசினியை நீட்டியிருந்தாள்; அதைப் பிடிக்கத்தான் துரை வந்திருக்கிறார் என்று பயம். இவர் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து பணிவான குரல்:

"வீட்டுல ஆளு இல்லீங்க தொரை. எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மலையில் என்ன வேலை என்று இவர் கேட்கவில்லை. துரை என்று கூப்பிட்டதில் மனுஷன் குளிர்ந்துபோய் நின்றார். நான்தான் கத்தினேன். கதவு திறந்தது. அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு மருமகனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"இதுதான் வேணும்" என்றாள் அம்மா. "இந்த மாதிரி வண்டிக்கு வழிவிட்டு எத்தன தடவ கானுக்குள்ள எறங்கி நின்னிருப்பேன். ஒரு நாளாச்சும் உள்ள உக்காந்து போறேன்."

இவருக்கு முகமெல்லாம் பல். ஆனால் வண்டியின் படி அம்மாவின் முழங்காலுக்கும் மேலே இருந்தது. நல்ல காலைத் தூக்கி வைத்தாள். விறைத்த கால் உடம்பைத் தாங்கவில்லை. மணையைப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் ஏற முடியவில்லை. அதற்குள் லயமே கூடிவிட்டது.

"நான் தூக்கிவிடறேன் அத்தை" என்று இவர் கையை நீட்டினார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கறுப்பு வண்டியை ஒரு உதை விட்டேன். என் கால்தான் வலித்தது.

அடுத்த ஞாயிறு சின்னதில் போனோம். நான் ஓட்டினேன். கோயில் மேட்டில் வண்டியின் அடிவயிறு ஒரு கல்லில் உரசி, சக்கரம் வழுக்கி, பிறகு நாலும் சேர்ந்து பிடித்து இழுத்தது. நான் மட்டுமில்லை, இவரும் மூச்சை விட்டார். லயத்தில் ஒரு மாடுகூட நகரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "என்னா புள்ள, மீன் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டாள். பௌர்ணமிப் போயா லீவுக்கு முன்னால் வருகிற வெள்ளை மீன் வேனைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தேன். அவள் திரும்பி நின்று, முதலில் இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு நல்ல காலை உள்ளே வைத்தாள். விறைத்த காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டாள். யாரும் தொடவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். பெரிய வண்டிக் கதை அங்கே முடிந்தது. இவர் மட்டும் நானாவின் யார்டில் அந்தக் கறுப்பு வண்டியைத் தடவிக்கொடுத்து விடைபெற்றுக்கொண்டார்.

முதல் கிளினிக் நாள். திரும்பி வரும்போது கோயில் மேட்டில் பாதி ஏறியிருப்போம், மேலேயிருந்து துரையின் வண்டி இறங்கி வந்து எங்கள் மூக்குக்கு முன்னால் நின்றது. ஒரு வண்டிக்குத்தான் இடம். என் கை தானாகவே ரிவர்ஸைப் போட்டது. யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, அது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. பின் சீட்டிலிருந்த இவரும் பின்னால் பார்த்து, "வா, வா" என்று வழி சொல்லத் தொடங்கிவிட்டார்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஏறுற வண்டிக்குத்தானே எறங்குற வண்டி எடம் விடணும்? லைசன்ஸுக்குப் படிக்கிறப்ப நீதானே சத்தம்போட்டுப் பாடமாக்குனே?"

"அம்மா, அது தொரை..."

"தெரியுது. நில்லு."

நின்றேன். துரை ஹோர்ன் அடித்தார். அம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் கறுப்பு வண்டி மெதுவாகப் பின்னால் போய், கானின் ஓரத்தில் ஒதுங்கியது. நாங்கள் அதைக் கடந்து ஏறினோம்.

லயத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை. மருந்துப் பை மடியிலேயே இருந்தது.

"ஏன் புள்ள," என்றாள், "கீழ போயிட்டு இன்னொருக்கா ஏறி வருவமா?"